மரக் கூரை

கலிபோர்னியா என்றவுடன் நம்மில் பலருக்கு ஹாலிவுட் ஞாபகம் வரும். எனக்கு என்னவோ ஒரு கூரைதான் கண்ணில் நிற்கிறது.

பெர்க்லி, சர்வகலாசாலை உள்ள ஊர். ஒரு பக்கம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடா. மறு பக்கம் புல்லும் புதரும் மண்டிய மலை. மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே வீடு கட்டிக்கொள்வதில் படித்தவர்களுக்கு ஓர் ஆசை. கூரைக்கு மண் ஓடு அல்ல; மரத்தை மெல்லிசாகச் சீவி, மீன் செதில் மாதிரி அடுக்குவார்கள். பார்க்க அழகுதான். வெயிலில் காய்ந்துவிட்டால் அதுவே விறகு.

அங்கே கோடையில் மழை கிடையாது. 1923 செப்டம்பர் 17 அன்று, மலைக்கு அப்பாலிருந்து வறண்ட காற்று வீசியது. காட்டில் பிடித்த தீ முகட்டைத் தாண்டி ஊருக்குள் இறங்கிற்று. தெருத் தெருவாக நடந்தா வந்தது? எரிகிற மரச் சில்லுகள் பறந்துபோய் நாலு வீடு தள்ளி இன்னொரு கூரையில் உட்கார்ந்தன. சில மணி நேரத்தில் ஏறக்குறைய 600 கட்டிடங்கள் போயின. மாலையில் கடற்காற்று திரும்பியதால் மிச்ச ஊர் தப்பியது. உயிர்ச்சேதம் இல்லை. சீக்கிரம் மறந்து போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ! மரக் கூரைக்கு நகர சபை தடைச் சட்டம் போட்டது. மர வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சட்டம் நிலைக்கவில்லை.

பக்கத்து ஓக்லந்து மலைகளில் இன்னொரு கதை. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக நட்டார்களே, அதே ஆஸ்திரேலியத் தைல மரத்தை, பிராங்க் ஹேவன்ஸ் என்ற முதலாளி 1910-ஐ ஒட்டி அங்கே மலை மலையாக நட்டார். பலகை அறுத்து விற்கலாமென்று கணக்கு. மரம் வளர்ந்தது, பலகை முறுக்கிக்கொண்டது. எண்ணெய்ப் பசையுள்ள இலையும் பட்டையும் உதிர்ந்து குவிந்ததுதான் மிச்சம்.

1991 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் ஓக்லந்து மலையில் அணைத்த புல் தீயின் கங்கு காற்றில் விழித்துக்கொண்டது. குறுகலான, வளைந்த தெருக்களில் தப்பி இறங்கும் கார்களும் ஏறும் தீயணைப்பு வண்டிகளும் சிக்கிக்கொண்டன. உதவிக்கு வந்த வெளியூர்ப் படைகளின் குழாய் மூட்டு இரண்டரை அங்குலம். ஓக்லந்தின் தெருக் குழாய்வாயோ மூன்று அங்குலம். பொருந்தவில்லை. 25 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய 3,000 வீடுகள் சாம்பலாயின.

காற்றையும் தைல மரத்தையும் திட்டி எழுதியவற்றை நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. 1923-லும் காற்று அதே மலைப்பக்கமிருந்துதான் வந்தது. கூரை எப்படிப் பற்றும் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. நடுவில் 68 வருஷம் அவகாசம் இருந்தது. மரக் கூரைகளும் இருந்தன.

பிறகு ஓக்லந்து குழாய்வாய்களை மாற்றிக்கொண்டது. கூரை விதிகள் கடுமையாயின. எரிந்த சரிவிலேயே மறுபடி வீடுகள் எழுந்தன, முன்னைவிடப் பெரியவையாக.