வாக்காளர் பட்டியலில் நம் பெயர்

தோட்டப்புற நேயர்களே, 1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இந்தியர் இல்லை. மக்கள் தொகையிலோ நாம் நூற்றுக்குப் பத்துக்கும் மேல்!

நம் பாட்டன்மாருக்கு அக்கறை இல்லாமலா? குடியுரிமை பெற்றவருக்கே வாக்குரிமை. 1948ஆம் ஆண்டு விதிப்படி, வெளியில் பிறந்தவர் குடியுரிமை கோர, குறைந்தது 15 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ பேச வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பியவருக்கு, அதற்கான தாள்களைத் தேட நேரமேது?

பட்டணத்தில் கதை சற்று வேறு. 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில், பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் தேவகி கிருஷ்ணன் அம்மையார் நின்று வென்றார். பெண்கள் மேடையேறவே கூசிய காலம் அது.

இன்று பாரம் நிரப்பக் கிராணியைத் தேட வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர் தானாகவே பட்டியலில் சேர்கிறது. ஆனால் சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் பாட்டிக்கு அது பொருந்தாது. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட பிள்ளையும் வெளியேதான் நிற்கிறது.

தோட்டம் விற்கப்பட்டுக் கிள்ளான் பக்கம் குடிவந்தோர் நம்மில் பலர். ஐ.சி.யில் விலாசத்தை மாற்றியதோடு விட்டால், ஏற்கெனவே பதிந்த பெயர் பழைய தொகுதியிலேயே கிடக்கும். தேர்தல் ஆணையத்திடமும் தனியாக மாற்றக் கேட்க வேண்டும். இன்றிரவே வீட்டிலுள்ள ஐ.சி.களை எடுத்து, விலாசத்தைப் பார்த்துவிடுவோம், பெரியவர்களுடையதில் நிறத்தையும்.