கொழும்பு – லண்டன்: தூரம் ஒன்று, நேரம் பல

கொழும்பிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு விடை எளிது. கட்டுநாயக்கவுக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வான்வழி ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். ஆனால், பயணத்துக்கு எவ்வளவு நேரம் தேவை என்பதற்கு ஒரே விடை கிடையாது. கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் வருகைக்காகப் பெற்றோரின் இறுதிக்கிரியைகள் காத்திருக்கும் நமது சமூகத்தில், இது வெறும் பொது அறிவு வினா அன்று.

பெரிய பயணிகள் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கின்றன. கணக்கின்படி 9 மணித்தியாலம் 40 நிமிடங்கள் போதும். எனினும், லண்டனுக்கான நேரடிப் பயணம் ஏறத்தாழ 11 மணித்தியாலங்களை எடுக்கிறது. விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் வேகம் குறைவு; வகுக்கப்பட்ட வான்பாதைகளும் நேர்கோட்டில் அமைவதில்லை. அத்துடன், நடு அகலக்கோட்டுப் பகுதிகளின் உயர் வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகிறது. லண்டன் செல்லும் விமானத்தை அது எதிர்க்கிறது. திரும்பி வரும் விமானத்தை முன்தள்ளுகிறது. எனவே வருகை நேரம் பொதுவாகக் குறைவு.

காற்றைவிடக் கடுமையான தடை அரசியல். உக்ரேன் போரையடுத்து 2022 இல் ரஷ்யா தனது வான்பரப்பை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. ஒன்பதரை மணித்தியாலமளவில் முடிந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம், ஏறத்தாழ 13 மணித்தியாலங்களாக நீண்டது. 2025 ஜூனில் ஈரானும் ஈராக்கும் வான்பரப்பை மூடியபோது, தெற்காசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, இடைவழிதான் நீண்டது.

இடைத்தங்கலின் கணக்கு வேறு. டுபாய் வழியாகச் சென்றால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 8,800 கிலோமீற்றர். நேர்வழியிலிருந்து பெரிய வேறுபாடில்லை. நேரத்தைக் கூட்டுவது அடுத்த விமானத்துக்கான காத்திருப்பே. மலிவான பயணச்சீட்டு சில வேளைகளில் ஒரு முழு நாளையே விலையாகக் கேட்கும்.

கடிகாரமும் கண்ணை மறைக்கும். இலங்கை நேரம் லண்டனைவிடக் கோடையில் நாலரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் முந்தியது. கோடையில் இரவு 8.30க்கு லண்டனிலிருந்து புறப்பட்டுப் பத்தரை மணித்தியாலம் பறக்கும் விமானம், மறுநாள் முற்பகல் 11.30க்கே கட்டுநாயக்கவில் தரையிறங்கும். இரு நேரங்களையும் மட்டும் பார்ப்பவருக்கு அது 15 மணித்தியாலப் பயணமாகத் தோன்றும்.

யாழ்ப்பாணம் செல்பவருக்கு அங்கிருந்து வீதி வழியே மேலும் ஏழெட்டு மணித்தியாலங்கள் உண்டு. ஆகவே, இறுதிக்கிரியைக்கு நாள் குறிக்கும் குடும்பத்தினர் விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவது போதாது. லண்டன் வீட்டு வாசலிலிருந்து ஊர் வீட்டு வாசல் வரை கணக்கிட்டு, ஒரு நாளையேனும் மேலதிகமாக ஒதுக்குவதே விவேகமானது.