எம்டனில் செண்பகராமன் வந்தாரா?

கொடைக்கானலில் அன்பர் ஒருவர், 'எம்டன்' கப்பலில் ஜெர்மானிய அதிகாரியாக வந்து சென்னையைத் தாக்கியவர் செண்பகராமன் பிள்ளையே என்று நம்மிடம் உறுதிபடக் கூறினார்.

அறிவிப்பாளர் ஒருவர், தாம் கேட்டதாகச் சொல்பவரைச் சந்தித்திருக்க இயலுமா எனக் காலத்தையும் இடத்தையும் கொண்டு சோதிப்பது ஹதீஸ் கலை வல்லார் வகுத்த வழி. அதனையே இங்கும் கைக்கொண்டோம்.

தளபதி கார்ல் ஃபொன் முல்லரின் எம்டன் 1914 ஆகஸ்டில் சீனத்தின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. செண்பகராமனோ அந்தச் செப்டம்பரில் சூரிச்சில் இருந்தார். அக்டோபரில் பெர்லின் சேர்ந்தார். எனவே அக்கூற்று நில்லாது. உயரிய போர் விருது பெற்ற எம்டன் அதிகாரி முல்லரே.

அயல்மண்ணில் நம் விடுதலைக்கு உழைத்து 1934இல் மறைந்தவருக்குக் கட்டுக்கதை வேண்டுவதில்லை. நாம் நேசிப்போரைப் பற்றிய செய்தியையே முதலில் சோதித்தல் கடன்.