திரும்பி வந்த குரல்: நேரலையும் அதிகாரமும்

கையில் ஒரு கேமரா இருந்தால் போதும், உலகமே பார்த்துவிடும், அப்புறம் அரசு என்ன செய்துவிட முடியும் என்று தோழர்கள் பேசக் கேட்கிறேன். இந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக அடிக்கடி இழுத்துவரப்படுவது பெல்கிரேடின் பி92 வானொலி. தடை செய்தார்கள், இணையத்துக்குப் போனது, ஜெயித்தது. கதை முடிந்தது! இவ்வளவு சுலபமாக முடிகிற கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. வானொலிக்கு ஆயிரம் நேயர்கள் கூடினால் நிலையத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இணையத்தில் அப்படியில்லை. நொடிக்கு 20 கிலோபிட் ஒலியை 1000 பேர் கேட்டால், சர்வரிலிருந்து 1000 தனித்தனி நகல்கள் கிளம்பவேண்டும். நொடிக்கு 20 மெகாபிட். கூட்டம் சேரச் சேரச் செலவு ஏறும். 1980களில் ஸ்டீவ் டீரிங் வகுத்த ‘மல்டிகாஸ்ட்’ இதற்கு வேறு பதில் வைத்திருந்தது. அனுப்புகிறவர் ஒரே நகலை அனுப்பினால் போதும். பாதை கிளை பிரிகிற இடத்தில் இருக்கிற ரூட்டர் நகலெடுத்துக்கொள்ளும். 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் பேச்சுகள் இப்படித்தான் மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரடியாகப் போயின. இதற்காகப் பின்னப்பட்ட வலைக்கு ‘எம்போன்’ என்று பெயர்.

எம்போனில் கேட்கிறவர் யாரும் அனுப்புகிறவராகவும் ஆகலாம். 1994 நவம்பர் 18 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் டல்லாஸ் கச்சேரியின் ஒரு பகுதியை அதில் விட்டது. ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்று கணினிக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு சின்னப் பாட்டுக் குழு, யாரும் கூப்பிடாமலே முன்னாடி புகுந்து பாடிவிட்டது. தடுக்க வாசலில் ஆளில்லை. ரொம்ப அழகான ஜனநாயகம்தான். ஆனால் யாருக்கு இடையிலான ஜனநாயகம்? பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், பெரிய கம்பெனி இவற்றுக்குள் இருந்தவர்களுக்கு. அக்ரகாரத்துக்குள் எல்லோரும் சமம் என்பது மாதிரி.

1995 ஏப்ரலில் ரியல் ஆடியோ வந்தது. சாதாரணத் தொலைபேசி மோடம் வைத்திருந்தவரும் கேட்க முடிந்தது. ஆனால் பழைய கணக்குத்தான்: ஆளுக்கு ஒரு நகல், நடுவில் ஒரு சர்வர். கேட்கிறவர்கள் பெருகினார்கள்; ஊருக்கே அனுப்பக்கூடியவர்கள் காசுள்ளவர்கள் என்றாயிற்று. வணிக இணைய நிறுவனங்களில் பெரும்பாலானவை தங்கள் வலைகளுக்கு இடையே மல்டிகாஸ்டைத் திறந்துவிடவில்லை. ஒரு நகல் வழியில் ஆயிரமாகப் பெருகினால் யாருக்கு பில் போடுவது? யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றால் காவல் யார்? மல்டிகாஸ்ட் இன்றும் உயிரோடு இருக்கிறது, ஐபி டிவி கம்பெனிகளின் சொந்த வலைக்குள். அங்கே அனுப்புகிறவர் ஒருத்தர்தான்.

இந்தப் பின்னணியோடு பெல்கிரேடுக்குப் போவோம். 1996 நவம்பர் 17 உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி பல நகரங்களில் ஜெயித்தது. மிலோசெவிச் ஆட்சி அந்த முடிவுகளை ரத்து செய்தது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பி92 அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. டிசம்பர் 3ஆம் தேதி ஒலிபரப்பு நின்றது. கேபிளில் தண்ணீர் புகுந்துவிட்டதாம்! ஸ்டுடியோ கையில் இருந்தது, டிரான்ஸ்மிட்டர் இல்லை. திராசென் பாந்திச் உருவாக்கிய, நிலையத்தின் இணையப் பிரிவான ‘ஓபன்நெட்’ அந்த ஒலியை ரியல் ஆடியோவாக மாற்றி, ஆம்ஸ்டர்டாமில் ஹேக்கர்கள் தொடங்கிய எக்ஸ்எஸ்ஃபோர்ஆல் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பியது.

பெல்கிரேடில் அப்போது இணையம் வைத்திருந்தவர்கள் சொற்பம். அப்படியானால் தெருவில் நின்றவன் எப்படிக் கேட்டான்? பிபிசி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா போன்ற வெளிநாட்டு வானொலிகள் அந்தச் செய்திகளை எடுத்துச் செர்பியாவுக்குள் திரும்ப ஒலிபரப்பின. வெளியே போன குரல் பழைய ரேடியோப் பெட்டி வழியாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தது. டிசம்பர் 5 அன்று தடை விலகியது. தெருவில் கூட்டம் கலையாமல் நின்றதால் 1997 பிப்ரவரியில் ஒரு சிறப்புச் சட்டம் போட்டுத் தேர்தல் முடிவுகளையும் ஏற்றார்கள். அதன்பிறகு ‘அனெம்’ என்ற கூட்டமைப்பில் இருந்த உள்ளூர் நிலையங்களுக்கும் இதே சுற்றுவழி ஏற்பாடானது. பெல்கிரேடிலிருந்து இணையத்தில் ஆம்ஸ்டர்டாம், லண்டன். அங்கிருந்து பிபிசியின் உதவியால் செயற்கைக்கோள். பிறகு ஊர்களின் பண்பலை. பக்கத்து ஊருக்குப் பேச ஐரோப்பாவைச் சுற்றவேண்டியிருந்தது.

உதவிய கைகள் யாருடையவை என்பதையும் மறைக்கக் கூடாது. 1999 மார்ச் 24 அன்று, நேட்டோ குண்டுவீச்சு தொடங்கிய நாளிலேயே, பி92இன் ஒலிபரப்பை மறுபடி நிறுத்தினார்கள். ஆசிரியர் வெரான் மாத்திச்சைச் சில மணிநேரம் பிடித்து வைத்திருந்தார்கள். இணைய ஒலி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏப்ரல் 2ஆம் தேதி நிலையத்தையே கைப்பற்றினார்கள். அனுப்ப வழி இருந்தது, குரல் இல்லை. ஏப்ரல் 23 அன்று நேட்டோ பெல்கிரேடின் அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின் மேல் குண்டு போட்டது. 16 ஊழியர்கள் செத்தார்கள். பி92இன் குரலைச் சுமந்த வானொலிகளின் நாடுகள் அந்தக் கூட்டணியில் இருந்தன. பேச்சுச் சுதந்திரத்தின் காவலர்கள் இவர்களென்று எந்த வாயால் சொல்வது?

இதையெல்லாம் நான் எழுதுவது நம்மை நினைத்துத்தான். தெருமுனைக் கூட்டங்களை நாமும் போனில் நேரலை விடுகிறோம், அதுவும் ஒரே கம்பெனியின் செயலி வழியாக. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். 23ஆம் தேதியே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை அரசு துண்டித்தது. ஆயிரக்கணக்கான கைகளில் கேமரா இருந்தது, பாதை இல்லை. பி92க்கு ஒரு வழி அடைபட்டபோது ஸ்டுடியோ, தொலைபேசிக் கம்பி, அந்நிய சர்வர், சிற்றலை என்று பல கைகள் மாறிப் போக வழி இருந்தது. அந்தக் கைகளில் சில ரத்தம் படிந்தவை. நமக்கு அடுத்த கை எது, அது யாருடையது என்பதைக் கம்பி அறுந்தபிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது. கேமரா வாங்குவதற்கு முந்தைய கூட்டத்திலேயே பேசி முடிக்கவேண்டிய விஷயம் இது.