உழவர் விற்பனையாளர் ஆன வரலாறு

உழவர் தம் விளைபொருளைத் தாமே விற்பது மிக எளிய செயலாகத் தோன்றும். உழைப்பு அவருடையது, விளைந்த கத்தரியும் வெண்டையும் அவருடையன. அவற்றைக் கூடையில் ஏற்றிச் சென்று சந்தையில் இறக்கினால் விற்பனை நடந்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் தமிழக வணிக வரலாற்றை நோக்குமிடத்து, நகரச் சந்தைகளில் விளைப்பவர் வேறு, விற்பவர் வேறு என்னும் நிலையே நெடுங்காலம் வேரூன்றி நின்றது புலனாகும். அவ்விருவரையும் மீண்டும் ஒருவராக்க எழுந்த ஏற்பாடே 1999-ஆம் ஆண்டில் மதுரையில் தோன்றிய உழவர் சந்தை. அச்சந்தையில் ஓர் உழவர் விற்பனையாளர் ஆவதற்கு முதற்கண் வேண்டுவது பணமோ கடையோ அன்று. தாம் உழவர் என்பதற்குச் சான்றே ஆகும். இந்நிலை எங்ஙனம் வந்தது என்பது ஆராயத்தக்கது.

அங்காடியும் தரகும்

சங்ககாலச் சிற்றூர்களில் விளைத்தோரே விற்றனர். ஆய்மகளிர் மோர் கொடுத்து நெல் பெற்றதையும், பரதவர் மகளிர் மீனுக்கு நெல் மாற்றியதையும் பழந்தமிழ் நூல்கள் காட்டுகின்றன. பேரூர்களின் நிலை வேறு. மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் விரித்துரைக்கிறார். புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். இப்பேரங்காடிகளில் வணிகமே தொழிலாகக் கொண்ட மக்கள் நிறைந்திருந்தனர்.

வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையே நின்று பொருள் முடித்துக் கொடுப்பவர் பெறும் கூலி தரகு எனப்படும். பல்லவர் செப்பேடுகள் குறிக்கும் வரிகளுள் தரகு என்பதும் ஒன்று. அரசு வரி விதிக்கும் அளவுக்கு இடைத்தரகு அக்காலத்திலேயே நிலைபெற்றிருந்தது என்பது இதனால் பெறப்படும். சோழர் காலத்தில் நகரம் என்னும் வணிகர் அவை வணிக ஊர்களை ஆண்டது. உழவருக்கு ஊரவையில் இடம் இருந்தது. அங்காடியை ஆள்வதோ வணிகர் கையில் இருந்தது.

மண்டியின் பிடி

பிற்காலத்தில் காய்கறி வணிகம் கமிஷன் மண்டியைச் சுற்றி அமைந்தது. விடியுமுன் உழவர் மூட்டையை இறக்குவார். மண்டிக்காரர் ஏலம் விடுவார். விற்ற தொகையில் தரகும் கூலியும் கழித்து மீதியைக் கொடுப்பார். பல இடங்களில் விலை வாய்விட்டுக் கூறப்படுவதில்லை. துண்டின் மறைவில் விரலைப் பிடித்தே பேரம் முடியும். தம் பொருள் என்ன விலைக்குப் போயிற்று என்பதை உழவர் தாமே அறிய வழியில்லை. விதைக்கும் உரத்துக்கும் மண்டிக்காரரிடமே முன்பணம் வாங்கியவரோ வேறு மண்டியை நாடவும் இயலாது.

இக்குறையைப் பிரிட்டிஷ் ஆட்சி அறியாதிருக்கவில்லை. 1926-இல் அமைக்கப்பட்ட வேளாண்மைக்கான அரச ஆணைக்குழு 1928-இல் தன் அறிக்கையை அளித்தது. எடையையும் தரகையும் சட்டத்தால் ஒழுங்குபடுத்தும் சந்தைகள் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை அமைந்தது.

ஆனால் அச்சட்டத்தின் நோக்கம் பருத்தி, நிலக்கடலை, புகையிலை முதலிய வணிகப் பயிர்களே. பருத்தி காத்திருக்கும்; தக்காளி காத்திராது. பருத்தி உழவர் விலை படியாவிடில் பொதியைக் கிடங்கில் வைக்கலாம். தக்காளி உழவர் அன்று மாலைக்குள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடவே வேண்டும். இடைத்தரகின் பிடி காய்கறியில் மிகுதியாக இருந்தமைக்கு அப்பொருளின் இயல்பே பெருங்காரணம் என்பது தெளிவு.

மதுரையில் முதற்சந்தை

இப்பிடியைத் தளர்த்தும் முயற்சி முதலில் வடக்கே தோன்றியது. 1987-இல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' தொடங்கப்பட்டது; 'நமது சந்தை' என்பது அதன் பொருள். ஆந்திர மாநிலத்தில் 1999-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் 'ரைத்து பஜார்' தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தமிழகமெங்கும் ஏறத்தாழ நூறு சந்தைகள் எழுந்தன.

சான்றும் அட்டையும்

இச்சந்தையில் விற்க விரும்பும் உழவர் தம் நிலத்தின் சிட்டாவையும் அடங்கலையும் காட்ட வேண்டும். சிட்டா என்பது இன்னாருக்கு இவ்வளவு நிலம் உண்டு எனக் காட்டும் பதிவு. அடங்கல் என்பது எந்த நிலத்தில் எந்தப் பருவத்தில் என்ன பயிர் நின்றது என்பதைக் கூறும் ஊர்க்கணக்கு. பரம்பரைக் கணக்குப்பிள்ளைகள் எழுதிவந்த இக்கணக்கு, 1980-இல் அப்பதவிகள் ஒழிக்கப்பட்ட பின்னர்க் கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பாயிற்று. நிலவரிக்காக எழுந்த ஏடு உழவரின் விற்பனை உரிமைக்கு ஆதாரமானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஏட்டைக் காட்டியதோடு வேலை முடிவதில்லை. வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் நிலத்துக்கு நேரில் சென்று, சொல்லப்பட்ட பயிர் நிற்கிறதா எனப் பார்ப்பார். அதன் பின்னரே படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்கப்படும். உழவரின் பெயர், அவருக்காக விற்கக்கூடிய குடும்பத்தினர், நிலத்தின் அளவு, பயிர்கள் ஆகியவை அதில் இடம்பெறும். பயிரின் பெயரைக் குறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கத்தரிக்கு அட்டை பெற்றவர் முட்டைக்கோசைக் கொணர்ந்தால், அஃது எங்கோ வாங்கி வந்த சரக்கு என்பது வெளிப்படும். அரை ஏக்கர்க்காரர் ஐந்து ஏக்கர் விளைச்சலைக் கொணர்ந்தாலும் அங்ஙனமே.

அட்டை பெற்றவர் விடியற்காலையில் வந்து சரக்கைப் பதிந்து, கடையும் தராசும் பெறுவார். இரண்டுக்கும் வாடகை இல்லை. விற்பனை முடிந்ததும் தராசைத் திருப்பித் தருவார். அன்றாட விலை பலகையில் எழுதப்படும். மொத்த விலைக்கு மேல் நூற்றுக்கு 20 அளவில் உயர்ந்தும், வெளிக்கடையின் சில்லறை விலைக்குக் கீழ் நூற்றுக்கு 15 அளவில் குறைந்தும் இருப்பது பொதுநெறி. ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. ஒரு கிலோ கத்தரி மண்டியில் 20 ரூபாய், வெளிக்கடையில் 30 ரூபாய் என்று கொள்வோம். உழவர் சந்தையில் அதன் விலை 24 ரூபாய்க்கும் 25 ரூபாய் 50 காசுக்கும் இடையே அமையும். விற்பவர்க்கும் ஊதியம், வாங்குபவர்க்கும் ஊதியம்.

அட்டையின் வலிவும் குறையும்

ஏற்பாடு நன்று, எனினும் அதன் உயிர்நிலை அட்டையில் உள்ளது. அட்டை தகாதவர் கைக்குப் போனால், மதிற்சுவரும் பெயர்ப்பலகையும் இருந்தும் அஃது உழவர் சந்தை ஆகாது. உழவர் அட்டையோடு வணிகரே புகுந்து விற்கின்றனர் என்னும் குறைகூறல் பலமுறை எழுந்துள்ளது. மறுபுறம், பட்டா பிறர் பெயரில் இருக்க, நிலத்தில் உழைத்து விளைக்கும் குத்தகை உழவரின் நிலை எண்ணத்தக்கது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத குத்தகையே மிகுதியான ஊர்களில், ஏட்டில் பெயர் ஏறாத உழவர் சான்று பெறுதல் எளிதன்று. விளைப்பவரையே தேடி எழுந்த சந்தையின் வாயிலில், உண்மையாக விளைப்பவர் நின்றுவிடவும் கூடும். சிட்டாவினும் அடங்கலுக்கும், அடங்கலினும் நேரில் வயலைப் பார்ப்பதற்கும் மதிப்பு மிகுதல் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஆட்சி மாற்றமும் சந்தையைத் தாக்கியது. 2001-இல் ஆட்சி மாறிய பின்னர் ஆதரவு குன்றிப் பல சந்தைகள் நலிந்தன. 2006-இல் மீண்டும் ஆட்சி மாறவே அவை புத்துயிர் பெற்றன. நாள்தோறும் வயலைப் பார்க்கவும் அட்டையைச் சரிபார்க்கவும் ஆள் இருந்த இடத்தில் சந்தை செழித்தது. இல்லாத இடத்தில் தளர்ந்தது.

மலேசியாவின் உழவர் சந்தை

இத்தகைய முயற்சி மலேசியத் தமிழர்க்கும் புதிதன்று. 1965-இல் நிறுவப்பெற்ற கூட்டரசு வேளாண்மைச் சந்தை வாரியமாகிய ஃபாமா, 1985-இல் 'பாசார் தானி'யைத் தொடங்கியது. 'தானி' என்பது உழவைக் குறிக்கும். இங்கே உழவரோடு மீனவரும் சிறுதொழில் செய்வோரும் விற்கின்றனர். தமிழக ஏற்பாட்டைப்போல் விளைப்பவர்க்கு மட்டுமே என்னும் வரையறை இதில் இறுக்கமாக இல்லை. மலாய் மொழியில் கடைக்கு வழங்கும் 'கெடாய்' என்னும் சொல் தமிழின் 'கடை' என்பதிலிருந்து சென்றது. 'பாசார்' பாரசீகத்தின் 'பஜார்' என்பதன் வழி வந்தது. ஆந்திரத்து ரைத்து பஜாரும் மலேசியத்துப் பாசார் தானியும் ஒரே சொல்லின் இரு கிளைகளைத் தாங்கி நிற்பது மொழி ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத்தக்க செய்தி.

பல்லவர் காலத்தில் தரகுக்கு வரி இருந்தது. அரச ஆணைக்குழுவின் காலத்தில் தரகுக்கு வரம்பு கட்டச் சட்டம் பிறந்தது. 1999-இல் தரகரே இல்லாத வாயில் ஒன்று திறந்தது. அவ்வாயிலில் யாரை உள்ளே விடுவது என்னும் வினாவுக்கு நேர்மையான விடை நாள்தோறும் அளிக்கப்படும் வரை உழவர் சந்தை உழவருடையதாகவே நிற்கும்.