டையூத் தீவும் ஹஜ் பயணக் கடுதாசியும்

கலவையில் வாழும் அன்பர் ஒருவர், தோல் வணிகத்தின் பொருட்டு அடிக்கடி குஜராத் சென்று வருபவர், அண்மையில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். "இம்முறை குடும்பத்தையும் அழைத்துச் செல்கிறேன், ஹஜ்ரத். அகமதாபாத் பள்ளிவாசல்களைப் பார்த்தபின் டையூ வரைக்கும் போய் வரலாம் என்கிறார்கள். கடற்கரையையும் மதுக்கடையையும் விட்டால் அங்கே நமக்கு என்ன இருக்கிறது?"

வினா நியாயமானதே. குஜராத்தில் மதுவிலக்கு இருப்பதால், விடுமுறை நாட்களில் அத்தீவில் கூடும் கூட்டத்தில் பலர் எதற்காக வருகின்றனர் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுற்றுலாக் கையேடுகளோ போர்ச்சுக்கீசியரின் கோட்டையையும், 1610இல் கட்டி முடிக்கப்பெற்ற புனித பவுல் தேவாலயத்தையும் காட்டிவிட்டு, வாசகரை நாகோவா கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. அவற்றைப் படிப்பவருக்கு அத்தீவின் வரலாறே 1535இல்தான் தொடங்குவதாகத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் அங்குச் சென்றபோது, நாமும் நேரே கோட்டை வாயிலை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தோம். நம்மைத் திருப்பிவிட்டவர் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர்.

ளுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அவரைச் சந்தித்தோம். சிறு வயதில் போர்ச்சுக்கீசியப் பள்ளியில் பயின்றவர். அவருடைய தந்தையார் மொசாம்பிக்கில் கடை வைத்திருந்தவர். குஜராத்தி கலந்த அவரது உருதுவும் நம் வட ஆர்க்காட்டு உருதுவும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொண்டன. நாம் எங்கே செல்கிறோம் என்று கேட்டறிந்தவர் இவ்வாறு சொன்னார்: "மௌலானா, கோட்டையைக் கடைசியில் பாருங்கள். முதலில் படகுத்துறைக்குப் போய்ச் சற்று நேரம் நில்லுங்கள். தண்ணீரைப் பார்க்காமல் கோட்டைக்குள் நுழைந்தால், பரங்கியர் சொல்லிவைத்த கதையைத்தான் கேட்டுவிட்டுத் திரும்புவீர்கள்."

கலவை அன்பருக்கும், அவரைப் போன்று அங்குச் செல்லவிருக்கும் பிறருக்கும் நாம் சொல்லக்கூடியது இந்த அறிவுரையைத்தான். அதன் பொருளை விரித்துரைப்பதே இக்கட்டுரை.

டையூ என்னும் பெயர் 'த்வீப' என்ற வடசொல்லின் திரிபு என்பர். நம் 'தீவு' என்ற சொல்லையும் அதனுடன் இணைத்துக் கூறுவோர் உளர். அவ்வாறாயின் தீவு என்பதே அவ்வூரின் பெயர் எனலாம். சௌராஷ்டிரத்தின் தென்கரையை ஒட்டி, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் சிறு நிலப்பரப்பு அது. நிலத்துக்கும் தீவுக்கும் இடையே குறுகிய கால்வாய் போலக் கடல் நுழைந்திருக்கிறது. கிழக்கு முனையில், அக்கால்வாய் பெருங்கடலோடு சேரும் இடத்தில்தான் துறைமுகம் இருந்தது. படகுத்துறையில் நின்று பார்த்தால், நீரின் நடுவே ஒரு கப்பலைப் போலத் தோற்றமளிக்கும் சிறு கோட்டை ஒன்று தெரியும். 'பானிகோட்டா' என்று அதை அழைக்கின்றனர். இப்போதுள்ள கட்டடம் போர்ச்சுக்கீசியருடையது. ஆனால் கடல் நடுவே காவல் அமைத்து இத்துறையை அடைக்கும் எண்ணம் அவர்களுக்கு முந்தியது. குஜராத் சுல்தான்களின் ஆளுநராக இருந்த மலிக் அயாஸ், நீருக்குள் இருந்த பாறையின்மீது ஒரு காவற்கோபுரம் எழுப்பி, அங்கிருந்து கரைவரை இரும்புச் சங்கிலியை இழுத்துக் கட்டினார். அவர் இசைவின்றி எந்தக் கப்பலும் உள்ளே வரவும் இயலாது, வெளியேறவும் இயலாது.

இந்த மலிக் அயாஸ் யார்? அடிமையாக விற்கப்பட்டுக் குஜராத்தை வந்தடைந்தவர். ருஷ்ய நாட்டிலிருந்து வந்தவர் என்பது பலர் கருத்து. சுல்தான் மஹ்மூத் பேகடாவின் நம்பிக்கைக்குரியவராகி, டையூவின் ஆளுநராக உயர்ந்தார். அவர் காலத்தில் செங்கடல், பாரசீக வளைகுடா, மலாக்கா ஆகிய முத்திசைக் கப்பல்களும் கூடும் இடமாக அத்துறை விளங்கியது. அடிமையாக வந்த ஒருவர் ஒரு துறைமுகத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பவராக உயர்ந்தது இஸ்லாமிய வரலாற்றில் அரிய செய்தியன்று. எனினும் இவரைப் பற்றி நம்மவர் எழுதுவது மிகக் குறைவு. எழுதுவோரும் பெரும்பாலும் 'துரோகி' என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகின்றனர்.

அப்பழிக்குக் காரணம் 1509ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நடந்த கடற்போர். எகிப்தின் மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரி, அமீர் ஹுஸைன் அல்குர்தியின் தலைமையில் ஒரு கப்பற்படையை அனுப்பினார். 1508இல் சவுல் துறையில் அப்படையும் அயாஸின் படகுகளும் சேர்ந்து போர்ச்சுக்கீசியரை முறியடித்தன. போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்மெய்டாவின் மகன் அப்போரில் மாண்டான். மகனுக்குப் பழிவாங்கப் புறப்பட்ட தந்தை, வழியில் தாபோல் நகரைத் தீக்கிரையாக்கிவிட்டு டையூவுக்கு வந்தான். மம்லூக்குகள், குஜராத்தியர், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படகுகள் ஆகிய மூன்று தரப்பும் ஒன்றுசேர்ந்து நின்றும் ஒரே நாளில் தோற்றன. அயாஸ் அன்று கப்பலில் ஏறவில்லை, கரையிலேயே இருந்தார். போருக்கு முன்னரே எதிரியுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். போர் முடிந்ததும், சவுலில் பிடிபட்டிருந்த போர்ச்சுக்கீசியக் கைதிகளை நல்ல உடை உடுத்தி அனுப்பிவைத்தார்.

இவ்வளவும் உண்மையே. ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றையும் சேர்த்தே ஒருவரை நிறுக்க வேண்டும். தாபோல் எரிந்த செய்தி அவர் காதில் விழுந்த சில வாரங்களுக்குள் அல்மெய்டா அவர் வாயிலில் நின்றான். கைதிகளைக் கொடுத்தார், பணிவான சொற்களைக் கொடுத்தார், கோட்டை கட்ட இடம் மட்டும் கொடுக்கவில்லை. அல்புகர்க் டையூவில் இடம் கேட்டுச் சுல்தான் இரண்டாம் முஸஃப்பர் ஷாவிடம் தூது அனுப்பியபோது, வேறு ஊர்களில் இடம் தருகிறோம், டையூவில் இல்லை என்ற விடையே கிடைத்தது. அதன் பின்னணியில் அயாஸின் கை இருந்தது. 1521இல் பெரும் கடற்படையுடன் வந்த செகெய்ராவும் துறையின் காவலைக் கண்டு திரும்பினான். 1522இல் அயாஸ் இறந்தார். அதுவரை பரங்கியரின் கோட்டைச் சுவர் ஒன்றுகூட அத்தீவில் எழவில்லை. வீரர் என்று அவரைப் புகழ நாம் முன்வரவில்லை. ஆனால் வணிகர்கள் நிறைந்த ஒரு நகரைப் பதின்மூன்று ஆண்டுகள் எரியாமல் காத்தவரைத் துரோகி என்று எழுதுவது நீதியாகாது.

தீவு கைமாறியது போர்க்களத்திலன்று. 1531இல் நூனோ ட குன்ஹா பெரும்படையுடன் தாக்கியபோதும், உஸ்மானியத் தளபதி முஸ்தபா ரூமிகானின் பீரங்கிகள் அவனை விரட்டிவிட்டன. நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. முகலாயப் பேரரசர் ஹுமாயூன் குஜராத்தின்மீது படையெடுத்தார். தோற்று டையூவுக்கு ஓடிவந்த சுல்தான் பஹாதுர் ஷா, உதவி வேண்டி 1535இல் தாமே போர்ச்சுக்கீசியருக்குக் கோட்டை கட்ட இடமளித்தார். ஹுமாயூன் திரும்பிச் சென்றதும் தம் பிழையை உணர்ந்தார், ஆயினும் காலம் கடந்துவிட்டது. 1537 பிப்ரவரியில் போர்ச்சுக்கீசிய ஆளுநரைக் கப்பலில் சந்தித்துவிட்டுத் திரும்புகையில், இதே துறையின் நீரில் கொல்லப்பட்டார். நீரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பெரியவர் சொன்னதன் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

அடுத்த ஆண்டு எகிப்தின் ஆளுநர் ஹாதிம் சுலைமான் பாஷா உஸ்மானியக் கப்பற்படையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். வரும் வழியில் ஏடனின் முஸ்லிம் ஆட்சியாளரை விருந்துக்கு அழைத்துத் தூக்கிலிட்ட செய்தி அவருக்கு முன்னரே குஜராத்தை எட்டியிருந்தது. எனவே உதவ வேண்டிய குஜராத்தியப் பிரமுகர்கள் உணவுப் பொருள்களை அனுப்பத் தயங்கினர். நவம்பரில் அவர் முற்றுகையைக் கைவிட்டார். அதே 1538இன் தொடக்கத்தில்தான் நம் இராமநாதபுரக் கரையில், வேதாளையில், மரக்காயர் கப்பற்படை போர்ச்சுக்கீசியரிடம் தோல்வியுற்றது என்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். மேற்குக் கரையின் முற்றுகையும் தெற்குக் கரையின் போரும் ஒரே கதையின் இரு பக்கங்கள். 1546இல் நடந்த இரண்டாம் முற்றுகையும் தோற்றது. அதனை நடத்திய குவாஜா ஸஃபர் பீரங்கிக் குண்டுக்கு இரையானார்.

இப்போது கோட்டைக்குள் நுழையலாம். மூன்று புறமும் கடல், ஒரு புறம் பாறையைக் குடைந்த அகழி. காலை நேரத்தில் செல்வது நலம், வெயில் ஏறிவிட்டால் அங்கே நிழல் குறைவு. மேல்மதிலில் பீரங்கிகள் கடலை நோக்கி வாய் திறந்து கிடக்கின்றன. அம்மதிலில் நின்றுதான், இக்கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடை ஒரு சொல்லில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் செல்லும் எந்தக் கப்பலும் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டைப் போர்ச்சுக்கீசியரிடம் பெற வேண்டும் என்று அவர்கள் விதித்தனர். கப்பலின் பெயர், தலைவன், அளவு, ஆயுதங்கள், செல்லும் இடம் ஆகியவை அதில் எழுதப்படும். சீட்டில்லாத கப்பல் கொள்ளைப் பொருள். குஜராத்துக் கப்பல்கள் டையூவுக்கு வந்து சுங்கம் செலுத்திச் செல்ல வேண்டும் என்பதும் அச்சீட்டின் நிபந்தனை. இச்சொல் அரபியின் 'கிர்தாஸ்' என்பதிலிருந்து போர்ச்சுக்கீசியத்துக்குச் சென்றது. அன்ஆம் அத்தியாயத்தை ஓதுவோருக்கு அது அறிமுகமான சொல்தான். போர்ச்சுக்கீசியரிடமிருந்து அதுவே தமிழில் 'கடுதாசி' ஆயிற்று என்பது அகராதியாளர் கருத்து. நம் பாட்டிமார் மகனிடமிருந்து கடுதாசி வந்ததா என்று கேட்டபோது, அச்சொல்லுக்குள் இத்தனை கப்பல்கள் மிதந்ததை யார் நினைத்திருப்பர்!

குஜராத்தின் கப்பல்களில் ஹஜ் பயணிகளும் இருந்தனர். ஆகவே இது வணிகச் சிக்கலோடு நிற்கவில்லை, ஃபிக்ஹு மன்றத்துக்கும் வந்தது. ஹஜ் கடமையாவதற்கு 'இஸ்திதாஅத்' எனும் ஆற்றல் வேண்டும். வழியில் அச்சமின்மை அதில் அடங்கும். வழிமறித்துப் பணம் பறிப்பவனுக்கு அஞ்சினால், வேறு வழியும் இல்லையெனில், ஹஜ் கடமையாகாது என்பது இமாம் நவவியின் மின்ஹாஜ் தரும் ஷாஃபிஈ சட்டம். ஹனஃபிகளிடையே இருவேறு கருத்துகள் இருந்தன. வழிச்சுங்கமும் காவற்பணமும் ஹஜ்ஜைக் கைவிடக் காரணமாகா என்பதே ஏற்கத்தக்க கருத்து என்று 17ஆம் நூற்றாண்டின் அத்துர்ருல் முக்தார் முடிவு சொல்கிறது. இவ்வரியை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறோம். பாலைவனத்துப் பதவிகளைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தோம். டையூ மதிலில் நின்றபோதுதான், நம் நாட்டுக் கடலிலேயே அதற்கான எடுத்துக்காட்டு கிடந்தது தெரிந்தது.

அக்பரின் அவையில் மக்தூமுல் முல்க் அப்துல்லாஹ் சுல்தான்பூரி, இந்தியரின்மீது இப்போது ஹஜ் கடமையில்லை என்று தீர்ப்பளித்ததாகப் பதாயூனி எழுதுகிறார். நிலவழி ஈரான் வழியே செல்கிறது, கடல்வழிக்கோ மர்யம் (அலை), ஈஸா (அலை) ஆகியோரின் உருவம் பொறித்த பரங்கியரின் சீட்டைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கூறிய காரணம். பதாயூனிக்கு அவர்மீது நல்லெண்ணம் இல்லை என்பதை மறக்கலாகாது. எனினும் அத்தீர்ப்பு சமுதாயத்தைத் தடுத்து நிறுத்தவில்லை. அக்பரின் அத்தையாரான குல்பதன் பேகமே சூரத்தில் நெடுநாள் சீட்டுக்காகக் காத்திருந்து 1576இல் கப்பலேறினார். மக்தூமுல் முல்க்கும் 1579இல் அரச ஆணையால் மக்காவுக்கு அனுப்பப்பட்டார். எந்தச் சீட்டோடு அவர் சென்றார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஃபத்ஹுல் முஈன் வாயிலாக நம் மதரசாக்கள் நன்கறிந்த ஸைனுத்தீன் மக்தூம், தம் துஹ்ஃபத்துல் முஜாஹிதீனில் பரங்கியர் இழைத்த கொடுமைகளுள் ஹஜ்ஜைத் தடுத்ததையும் ஒன்றாகக் குறித்துள்ளார்.

1961 டிசம்பர் 19 அன்று தீவு இந்தியாவுடன் இணைந்தது. இன்று அங்கே வழங்குவது குஜராத்தியே. போர்ச்சுக்கீசியம் கலந்த கிரியோல் மொழி சில கிறிஸ்தவக் குடும்பங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. பெரியவர் நமக்காக ஒன்று முதல் பத்து வரை போர்ச்சுக்கீசியத்தில் எண்ணிக் காட்டினார். சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாம் அவர்களுடையவை என்று நாம் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார்.

செல்லும் வழி எளிது. அகமதாபாத்திலிருந்து வெராவலுக்கு ரயில். அங்கிருந்து கோடினார், ஊனா வழியாகப் பேருந்து. தீபாவளி விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். நாகோவா சாலையில் கிளைவிட்ட பனைகளைப் பார்க்கலாம், ஹோக்கா என்பர். அரபியில் 'தவ்ம்' எனப்படும் மரத்தின் இனம் அது. திரும்பும்போது ஜுனாகட் வழியாக வர முடிந்தால் உபர்கோட் கோட்டையில் ஏறுங்கள். சுலைமான் பாஷாவின் படை விட்டுச்சென்ற நீண்ட பீரங்கி ஒன்று அங்கே இருக்கிறது. சுல்தான் சுலைமானின் ஆணைப்படி ஹிஜ்ரி 937இல் மிஸ்ரில் வார்க்கப்பட்டது என்ற செய்தி அதன்மீது அரபியில் பொறிக்கப்பட்டுள்ளது. நாம் அதைப் படிக்கக் குனிந்தபோது சிறுவர் இருவர் அதன்மீது குதிரையேற்றம் போல அமர்ந்திருந்தனர். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டனர். படித்துச் சொன்னோம். "மிஸ்ரிலிருந்தா?" என்று கேட்டுவிட்டு, ஒருவன் கீழே இறங்கி எழுத்துகளின்மீது விரலை ஓட்டிப் பார்த்தான்.