ஒரு ஆள்தான்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. கற்காலக் கருவிகள், கண்ணாடி மணிகள், பல்லவர் காலச் சிற்பங்கள் எல்லாம் கிடைத்தன. கூடவே ரோமானிய ஆம்போராவின் உடைந்த துண்டுகள். ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடி வைத்த உயரமான மண்ஜாடி. மது, ஆலிவ் எண்ணெய், மீனைப் புளிக்கவைத்து எடுத்த சாறு ஆகியவை இதில்தான் கப்பலேறி வந்தன. அதே பெயரில் ரோமானியர்களுக்கு ஓர் அளவும் இருந்தது. நம் கணக்கில் சுமார் 26 லிட்டர். வடக்குப்பட்டு ஜாடியில் என்ன இருந்திருந்தாலும், ஒருவர் தனியே உட்கார்ந்து தீர்க்கிற சமாச்சாரம் இல்லை.

யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் புறநானூற்றில் பாடுகிறார். பாண்டியன் நன்மாறன் அதைப் பொற்கிண்ணத்தில் அருந்துகிறான். ஊற்றிக் கொடுக்கப் பெண்கள், வாழ்த்திப் பாடப் புலவர். அரசனுக்கே தனி மேசை கிடையாது. அதே தொகுப்பில் 182ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த உலகம் ஏன் இன்னும் அழியாமல் இருக்கிறது என்று கேட்டு, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி சொல்லும் முதல் காரணம்: அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால். வள்ளுவரோ, பிச்சை எடுப்பதைவிடக் கொடியது, சேர்த்து வைத்ததைத் தான் மட்டும் உண்பது என்கிறார்.

இத்தனையும் தலைக்குள் இருக்க, பொங்கல் அன்று மாலை இந்தத் தொழிற்தடத்தில் உள்ள ஒரு நட்சத்திர ஹோட்டலில் தனியாகச் சாப்பிடப் போனேன். ரிலீஸ் வேலை, ஊருக்குப் போக முடியவில்லை. வாசலில் “எத்தனை பேர் சார்?” என்றார் ஒரு பையன். “ஒரு ஆள்தான்.” எதிரில் இருந்த தட்டு, கண்ணாடி டம்ளர், முள்கரண்டி ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. அம்மா போனில் கேட்டாள்: “நல்ல நாளும் அதுவுமா ஒண்டியாவா சாப்பிடுற?” அம்மா புறநானூறு படித்தவள் இல்லை. ஆனாலும் தீர்ப்பு அதேதான்.

என்னைச் சுற்றி இருந்த மேசைகளிலும் பெரும்பாலும் ஒற்றை ஆட்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பொறியாளர்கள் வந்துபோக, இந்தச் சாலையோரம் ஹோட்டல்கள் முளைத்தன. வேலைக்காகத் தனியே வருகிறவர்களை நம்பி நடப்பவை இவை.

தனி மேசை என்பதற்கே ஒரு வரலாறு உண்டு. பாரிஸில் 1760களில் ‘ரெஸ்டாரன்ட்’ என்று சொன்னது கடையை அல்ல, நோஞ்சான்களுக்குத் தெம்பு தரும் ஒரு எலும்புச் சாற்றை. அதுவரை சத்திரங்களில் குறித்த நேரத்தில், பொது மேசையில், வைத்ததைத் தின்னவேண்டும். சாறு விற்ற கடைகளில்தான் விரும்பிய நேரத்தில் வந்து, தனி மேசையில் உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து, தனக்கு வேண்டியதைக் கேட்கலாம் என்று ஆனது.

நம்மூரில் சிக்கல் வேறு. இங்கே பந்தி என்றாலே யார் யாரோடு உட்காரலாம் என்ற கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி ஹோட்டல்கள் பெருகியபோது அந்தக் கணக்கும் உள்ளே வந்துவிட்டது: பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம், தலித்துகளுக்கு வாசலோடு சரி. அதை ஒவ்வொன்றாகத்தான் பெயர்க்க வேண்டியிருந்தது. 1941இல் ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த பிராமணர் தனியிடம் போராட்டத்துக்குப் பிறகு நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, உணவகத்துக்குள் நுழைவதை அடிப்படை உரிமைகள் பகுதியிலேயே, 15ஆம் பிரிவில், பெயர் சொல்லிக் குறித்தது. அதற்குப் பிறகும் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள். மறு வருடம்தான் அந்தச் சொல் போனது.

அதனால் “எத்தனை பேர் சார்?” என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எந்த ஊர், என்ன ஆளுங்க என்பதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் கேட்கிற இடத்துக்கு வந்து சேர நமக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வள்ளுவர் சாடியது சோறு வைத்திருப்பவனின் தனிமையை. யாரும் விசாரிக்காத மேசை, வாசலில் நிறுத்தப்பட்டவன் வாங்கிய தனிமை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், பந்தியிலிருந்து விலக்கப்பட்டவனிடம் போய் “ஏன் தனியாச் சாப்பிடுற?” என்று கேட்பதுபோல் ஆகும்.

ஆனால் இந்த இரண்டாவது தனிமை இதே சாலையில் எல்லோருக்கும் எட்டவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் நடத்தச் செய்ய, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், 46ஆம் பிரிவில் இடம் இருந்தது. விடுதிச் சோற்றுக்கு அப்படி ஒரு கண் இருக்கவில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 17ஆம் தேதி இரவு அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டு வேறொன்றைக் கேட்பதற்கு, எனக்கு ஒரு சின்னக் கையசைப்புப் போதும். அந்தப் பெண்களுக்கு ஒரு தேசிய நெடுஞ்சாலையை நிறுத்த வேண்டியிருந்தது.